ரத்தத்தில் சாதி இல்லை. ரத்த அறிக்கையில் இருக்கிறது

"எல்லோர் உடம்பிலும் ஓடுவது சிவப்பு ரத்தம்தானே" என்று நமக்குப் பாடம் எடுப்பவர்களிடம் ஓர் ஆய்வக அறிக்கையைக் காட்டுவோம்.

பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்று கணிக்க மருத்துவர்கள் பார்ப்பவற்றில் மூன்று: ஹீமோகுளோபின், அல்புமின், சி.இ.ஏ. அறுவைக்கு முன்பே முதல் இரண்டும் குறைந்திருந்தால் ஆபத்து கூடுதல். கட்டியிலிருந்து ரத்தம் கசிவதாலும் குறையும். அரைவயிற்றுச் சாப்பாட்டாலும் குறையும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அத்தனை பேருக்கும் கட்டியா இருக்கிறது?

கட்டி ஒளிந்துகொள்வதும் இந்தச் சோகைக்குள்தான். பூந்தமல்லிச் சேரியிலிருந்து ஐம்பத்தைந்து வயதுத் தூய்மைப் பணியாளர் வெளுத்த கண்ணோடு போனால், "சத்தா சாப்பிடும்மா" என்று இரும்புச்சத்து மாத்திரை. மலத்தில் ரத்தம் என்றால், "மூலம்". ஆவடி மின்சார ரயிலில் ஒட்டிய நோட்டீசும் அதையே சொல்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்குக் காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு என்றால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவப் பாடம். சேரிக்காரர்களுக்குச் சோகை இயல்பு என்று நம்புகிறவர்களுக்கு அந்தப் பாடம் மறந்துபோகிறது.

அடுத்தது சி.இ.ஏ. 1965இல் கனடாவில் கண்டறியப்பட்ட குறியீடு. அறுவைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாம் ஆண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் மொத்தம் 14 முறை. அளவு ஏறினால், கல்லீரலுக்குப் பரவியதை வெட்டியெடுக்க முடிகிற கட்டத்திலேயே பிடிக்க வாய்ப்புண்டு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு 14 முறை என்றால் 14 நாள் கூலி போச்சு. காப்பீட்டு அட்டை அறுவைக்குப் பணம் கட்டும்; போன கூலியைக் கட்டாது. அவர் போகவில்லை என்றால் "நோயாளி தொடர் சிகிச்சைக்கு வரவில்லை" என்று கோப்பை மூடுவார்கள். குற்றவாளி நோயாளியாம்!

நாம் கேட்பது சலுகை அல்ல. ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளிலும் அம்பத்தூர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சி.இ.ஏ.வுக்கு ரத்தம் எடு. பரிசோதனை நாளுக்குக் கூலி கொடு. அறுவைக்குப் பின் யார் எத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள் என்பதைச் சாதிவாரியாகக் கணக்கெடுத்து வெளியிடு.

மருத்துவம் படிக்கும் தோழர்களே, சீட்டில் "சோகை" என்று எழுதும்முன் "ஏன்?" என்று கேளுங்கள். மற்ற தோழர்களே, இன்றிரவு அம்மாவின் கீழிமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் மாத்திரையோடு திரும்பாதீர்கள். காரணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஜெய்பீம்.