ஒரே வார்டில் ரெண்டு லட்சுமி: லினக்ஸ் டிஸ்க் பெயர்கள் பற்றி ஒரு இழை

1/ ஒரே வார்டில் ரெண்டு லட்சுமி அட்மிட் ஆனா, சிஸ்டர் முதல் வேலையா கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் "ஒரே பெயர், கவனம்"னு எழுதிடுவாங்க. என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் அப்படி எழுத ஆளில்லை. விளைவு: மகளின் சின்ன வயசு போட்டோக்கள் போச்சு. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

2/ லினக்ஸில் ஒரு டிஸ்க் பார்ட்டிஷனுக்கு மூணு அடையாளம் உண்டு.
எஸ்டிபி1 என்பது பெட் நம்பர். கெர்னல் டிஸ்கைக் கண்டுபிடிக்கிற வரிசையில் வருவது. அடுத்த தடவை வேற டிஸ்குக்குப் போயிடலாம்.

3/ லேபிள் என்பது பெயர். நாம வைக்கிறது, டிஸ்கிலேயே எழுதியிருக்கும். ஈஎக்ஸ்டி4-ல் 16 பைட்தான் இடம். 'பேக்கப்'னு தமிழில் எழுதினா 21 பைட், கொள்ளாது!
யுயுஐடி என்பது ஐபி நம்பர். ஃபார்மேட் செய்யும்போது தானா உருவாகிற நீளமான எண்.

4/ டிஸ்கைச் செருகினதும் யூடெவ் இந்த விவரங்களைப் படிக்கும். நீங்க டெஸ்க்டாப்பில் அதைத் திறந்தா, யூடிஸ்க்ஸ் லேபிள் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உண்டாக்கி மவுண்ட் செய்யும். லேபிள் இல்லைன்னா யுயுஐடி பெயரில். அதே பெயரில் ஃபோல்டர் ஏற்கனவே இருந்தா? கடைசியில் சத்தமில்லாம '1' சேர்த்துடும்.

5/ என்கிட்ட ரெண்டு டிஸ்க். ரெண்டுக்கும் ஆங்கிலத்தில் 'பேக்கப்'னு பெயர் வச்சது நான்தான். ஒரு நாள் போட்டோ டிஸ்க் முதலில் மவுண்ட் ஆச்சு. கிளினிக் டிஸ்க் 'பேக்கப்1' ஆச்சு. என் ஸ்கிரிப்ட் வழக்கம்போல 'பேக்கப்' ஃபோல்டருக்குப் போய், மூலத்தில் இல்லாததை எல்லாம் அழிச்சிட்டு நகல் எடுத்தது. எரர் எதுவும் வரலை.

6/ தப்பு என்னுடையது. ஆனாலும் சொல்றேன்: ரெண்டு டிஸ்குக்கு ஒரே லேபிள்னா, டெஸ்க்டாப் ஒரு வரி எச்சரிக்கை காட்டணும். '1' சேர்ப்பது எச்சரிக்கை ஆகாது.

7/ அப்போ லேபிளே வேண்டாமா? வேணும். மனுஷன் கண்ணுக்குப் பெயர்தான் தெரியும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பெயர். எஃப்எஸ்டேப் ஃபைலிலும் ஸ்கிரிப்டிலும் யுயுஐடி மட்டும். கழற்றி மாட்டுற டிஸ்குக்கு 'நோஃபெயில்' சேருங்க, இல்லைன்னா அது இல்லாத நாளில் பூட் நின்னுடும்.

8/ ஒரு எச்சரிக்கை. டிடி கட்டளையில் டிஸ்கை அப்படியே குளோன் செய்தா லேபிள், யுயுஐடி ரெண்டும் சேர்ந்தே நகலாகும். ஒரே ஐபி நம்பரில் இரட்டைக் குழந்தைகள்! புது யுயுஐடி கொடுக்கும்வரை ரெண்டையும் ஒண்ணா மாட்டாதீங்க.

9/ பேஷன்ட்டை அடையாளம் காண குறைந்தது ரெண்டு விவரம் பாருங்க, அறை எண் அதில் சேராதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லியாச்சு. வார்டில் தினமும் செய்றதை வீட்டில் செய்யாம விட்டேன். இன்னிக்கு ராத்திரி எல்எஸ்பிஎல்கே -எஃப் அடிச்சு, உங்க வீட்டில் எத்தனை லட்சுமின்னு எண்ணிப் பாருங்க.