பொருளாதாரத்துக்குக் கணக்கு எதற்கு?

பத்தாம் வகுப்பு முடிந்ததும் என் மகள் கேட்டாள்: "பொருளாதாரம்தான் படிக்கப் போகிறேன். கணக்கை விட்டுவிடலாமா அப்பா?" கணக்கென்றாலே அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். நானும் தலையாட்டிவிட்டேன்.

அதன் பலன் இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். அவள் வேறு பாடத்தில் சேர்ந்தாள்.

தவறு என்னுடையது. பொருளாதாரம் என்றால் பட்ஜெட், விலைவாசி என்றே நினைத்திருந்தேன். 1890-ல் ஆல்ஃபிரட் மார்ஷல் தம் நூலில் கணிதத்தைப் பின்னிணைப்பில் ஒதுக்கி வைத்தார். 1947-ல் பால் சாமுவேல்சன் அதை நடுக்கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

இது எட்டாத வித்தையுமல்ல. இன்னும் ஓர் இட்லி வார்த்தால் செலவு எவ்வளவு கூடும்? நுண்கணிதம் தொடங்குவது அங்கேதான். சம்பளத்துக்குள் அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம் மூன்றையும் அடக்க இல்லத்தரசி மனத்தில் போடும் கணக்கைத்தான் லக்ராஞ்ச் முறை தாளில் போடுகிறது. இன்னும் ஒரு ரூபாய் இருந்தால் பயன் எவ்வளவு கூடும் என்பதையும் அது சொல்லிவிடும்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லி, பொருளைச் சொல்லாமல் விடுவதால்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நம் சங்கத்தில் கணக்குத் தெரிந்த பெரியவர்களுக்கா பஞ்சம்? ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தரக்கூடாதா?

பதினொன்றாம் வகுப்புப் படிவத்தில் கையெழுத்திடும் பெற்றோரே, சற்று யோசியுங்கள். என் மகள் இப்போது, இருபது வயதில், கணக்கை முதலிலிருந்து கற்கிறாள். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்துடன் நானும்.