ஏறுவதற்கு ஒரு பாறை



இடமாற்றம் என்றதும் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பாடசாலை அனுமதியும்தான். 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என் கணவருக்குக் கொழும்பிலிருந்து குருநாகலுக்கு மாற்றல் வந்தபோது நானும் அவற்றைத்தான் யோசித்தேன். லொறியில் ஏற்றிய சாமான்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஆனால் கொண்டுவர முடியாத ஒன்றை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அதுதான் மகளின் சுவர்.

கொழும்பில் ஓர் உள்ளரங்கில், கைப்பிடிகள் பொருத்திய உயரமான சுவர் ஒன்றில் அவள் மூன்று வருடங்களாகப் பாறையேற்றம் பழகி வந்தாள். ஆரம்பத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எங்கள் மண் சுண்ணாம்புக்கல், சமதரை. பனையிலும் கோயில் கோபுரத்திலும் உயரமானதை நாங்கள் சின்ன வயதில் கண்டதில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" என்று மாமி கேட்டபோது, நானும் மனதுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். 2016 மே 21ஆம் திகதி எவரெஸ்ற் சிகரத்தைத் தொட்ட முதல் இலங்கையரான ஜயந்தி குரு உதும்பாலவின் படத்தை மகள் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள். அந்தப் படமும் குருநாகலுக்கு வந்தது. சுவரில் ஒட்டப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

புதிய பாடசாலையில் அவளுக்குச் சிநேகிதிகள் இல்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். பதினான்கு வயதுப் பிள்ளை பேசாமல் இருந்தால் தாய்க்கு நித்திரை வருமா? ஒருநாள் மாலை, உடுப்பு எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது அவள் அங்கே தனியாக நின்று யானைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவ்வளவு கல்லு இருக்கு. ஏற ஒரு இடமும் இல்லையோ?"

அவள் கேட்டது நியாயம்தான். குருநாகல் நகரைச் சுற்றிலும் பாறைகளே. நகருக்கு மேலே நிற்கும் எத்தாகல என்ற யானைக்கல் கடல்மட்டத்திலிருந்து 300 மீற்றரைத் தாண்டும். ஆமை, விலாங்கு, குரங்கு என மற்றப் பாறைகளுக்கும் மிருகங்களின் பெயர்தான். ஒரு கடும் வரட்சியில் மிருகங்கள் எல்லாம் சேர்ந்து நகரின் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும் என்று பயந்தபோது, மந்திரக்காரி ஒருத்தி அவற்றைக் கல்லாக்கினாள் என்று இங்கே கதை சொல்வார்கள்.

அடுத்த ஞாயிறு அவளை யானைக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். உச்சிவரை பாதை உண்டு. மேலே பெரிய புத்தர் சிலையும் உண்டு. மகள் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நடக்கிறது அம்மா, ஏறுறது இல்லை" என்றாள். வழிபாட்டுத் தலத்தில் கயிறு கட்ட முடியாது என்பது எனக்கும் விளங்கியது.

பிறகு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் தேடினோம். சிங்களத்தில் 'கல' என்றால் எங்கள் 'கல்'தான். ஊர்ப்பெயர் 'கல' என்று முடிந்தால் பக்கத்தில் எங்காவது பாறை இருக்கும். சமவுயரக் கோடுகள் நெருக்கமாக ஓடினால் அது செங்குத்து. இவ்வளவும் மகள் சொல்லித் தந்தவை. பெயர்களுக்குக் கீழே பென்சிலால் கோடிடும்போது அவள் கொஞ்சம் கதைத்தாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

முதலில் போன பாறையில் நான் ஒரு பிழை விட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. காட்டுப்பாதையால் ஏறிப் பாறையடியில் நின்றபோது முதியவர் ஒருவர் கைதட்டிக் கூப்பிட்டார். கோபிக்கவில்லை. எங்களை அழைத்துப் போய்ப் பாறைக் குகையின் நெற்றியைக் காட்டினார். மழைநீர் உள்ளே வடியாதபடி நீளத்துக்கு ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருந்தது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பிருந்தே பிக்குகள் தங்குவதற்காக இப்படிக் குகைகளைத் திருத்திக் கொடுத்தார்கள். சில குகைகளில் பிராமி எழுத்துகளும் உண்டு. இவற்றைச் சேதப்படுத்துவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊருக்குப் புதிதாக வந்தவள், ஊரைக் கேட்காமல் அதன் கல்லில் கை வைக்கப் பார்த்தேனே!

அன்று பின்னேரம் மதிலடியில் நின்று இந்தக் கதையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் என் உடைந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஏன் நங்கி என்னட்டக் கேக்கேல்ல?" என்ற கருத்தில் ஏதோ சொன்னார். அவருடைய தமையனின் தென்னந்தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறதாம். சின்ன வயதில் அதன் அடிவாரத் தட்டையில் நெல் காயப்போட்டவராம்.

அடுத்த கிழமை அவரே கூட்டிப்போனார். வரைபடத்தில் இல்லாத விடயங்களை எல்லாம் அவர் சொன்னார். மேற்குப் பக்கத்தில் மலைத்தேனீ கூடு கட்டும். அங்கே சத்தம் போடக்கூடாது. மேலிருந்து கறுப்பாக இறங்கும் கோடுகள் மழைநீர் ஓடுகிற வழி. பாசி பிடித்து எண்ணெய் தடவியது போல வழுக்கும். ஓரிடத்தில் கல் வெங்காயத்தோல் போல உரிந்து நிற்கிறது. சின்ன வயதில் அதைத் தட்டி மேளம் அடிப்பார்களாம். மகள் என்னைப் பார்த்தாள். தட்டினால் வெற்றோசை கேட்கும் கல்லைப் பிடிக்கக்கூடாது என்பதுதான் அவளுக்குப் பயிற்றுநர் சொல்லிக் கொடுத்த முதற் பாடங்களில் ஒன்று!

ஒக்டோபர், நவம்பர் மழை முடியும்வரை காத்திருந்தோம். 2024 ஜனவரியில் கொழும்பிலிருந்து பயிற்றுநர் வந்தார். கல்லைத் தட்டிப் பார்த்து, மேலே ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு பிடிமானங்களில் கயிற்றைக் கட்டினார். பாறை ஒன்பது மீற்றர் அளவு உயரம். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்து, "கீழே கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நான் ஒவ்வொரு கிழமையும் வர முடியாது. நீங்கள் பழகுங்கள்" என்றார்.

சகோதரிகளே, பிள்ளை பெற்றபோதும் நான் அப்படி நடுங்கவில்லை. இடுப்புப் பட்டியைக் கட்டி, கயிற்றைக் கருவிக்குள் விட்டு, தடுக்கும் கையை ஒரு கணமும் கயிற்றிலிருந்து எடுக்கக்கூடாது என்று நாள் முழுக்கப் பழக்கினார். பயிற்றுநரே ஏறி, சொல்லாமல் கையை விட்டுவிட்டு என்னைச் சோதித்தார். பின்னேரம் அவர் என் அருகில் நிற்க, மகள் ஏறினாள். பாதிக்கு மேலே போனதும் கால் வழுக்கியது. கயிறு இறுகியது. என்னைக் கொஞ்சம் முன்னே இழுத்தது. நான் விடவில்லை. மேலே தொங்கிக்கொண்டு அவள், "அம்மா, பிடிச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, பிடிச்சிருக்கிறன்."

மாதக்கணக்கில் அவள் என்னிடம் கேட்காத ஒரு கேள்வியை அன்று கேட்டது போல இருந்தது எனக்கு.

இப்படி ஓர் ஆசை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனால் நான் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். பாறையைத் தேடுமுன் காணிச் சொந்தக்காரரைத் தேடுங்கள். விகாரை, கோயில், வெட்டிய விளிம்புள்ள குகை இருக்கும் இடங்களை விட்டுவிடுங்கள். தேனீக்கூடு கண்டால் திரும்பி விடுங்கள். மழை பெய்த கல்லில் ஏற வேண்டாம், நன்றாகக் காயட்டும். கட்டட வேலைக்கு வாங்கும் கயிறு இதற்கு உதவாது. பாறையேற்றத்துக்கென்று செய்த கயிறு விழும்போது சற்று இழுபட்டு அதிர்ச்சியைத் தாங்கும். தலைக்கவசம் ஏறுபவருக்கு மாத்திரமல்ல, கீழே நிற்பவருக்கும் வேண்டும். தனியே போக வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இதை வாசித்துவிட்டு ஏறிவிடாதீர்கள்; தெரிந்த பயிற்றுநரிடம் நேரில் பழகுங்கள்.

இப்போது மழையில்லாத ஞாயிறுகளில் நாங்கள் நால்வர் போகிறோம். நான்காவது ஆள் அக்காவின் மகள். இரண்டு பிள்ளைகளும் பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் சண்டை பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். அக்கா தேநீர்ப் போத்தலோடு நிழலில் இருந்து, தேனீக்கூட்டுப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பார். ஜயந்தியின் படம் மறுபடி மேசைக்கு மேலே ஏறிவிட்டது. மாமி வந்தால் இன்னும் முகத்தைச் சுழிக்கிறார். ஆனால் போன தடவை வந்தபோது, "கயிறு நல்ல கயிறோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.