மருந்தாளரின் கையைக் கட்டாதீர்!

கீரிமலைக் கேணியைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை யாவரும் அறிந்ததே. கீரிமுகம் கொண்ட நகுலமுனிவரும் குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இந்நீரில் மூழ்கிப் பிணி நீங்கப்பெற்றனர் என்பது அக்கதை. புராணத்தை வரலாறாகக் கொள்வோர் அல்லர் நாம். ஆயினும், பிறர் முகத்தைச் சுளிக்கச் செய்யும் பிணியுடையார்க்கும் இறங்குதற்கு ஒரு படிக்கட்டு வேண்டும் என்ற மக்களின் ஏக்கம் அதனுள் ஒலிக்கிறது. இன்று எச்.ஐ.வி. ஐயமுற்ற ஒருவனுக்கு இவ்வூரில் அத்தகைய படிக்கட்டு எங்கே உண்டு?

இலங்கையில் இத்தொற்று முதன்முதல் அறியப்பட்டது 1987இல். 2004ஆம் ஆண்டின் இறுதி தொட்டு அரசு இதற்கான மருந்தை இலவசமாக வழங்கிவருகின்றது. தாயிலிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்ற சான்றை 2019இல் உலக சுகாதார நிறுவனம் நமக்களித்தது. இலவச மருத்துவத்தின் பெருமைக்குரிய வெற்றி இது. கருவுற்ற பெண் ஒவ்வொருத்தியையும் நாடிச்சென்று சோதித்தமையாலேயே இவ்வெற்றி கிட்டியது. ஏனையோரையோ, தாமாக வரட்டும் என்று காத்திருக்கின்றோம்.

அவர்கள் எவ்வாறு வருவர்? கீரிமலைக் கரையின் கடற்றொழிலாளி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடையப் பத்து மைலுக்கு மேல் செல்லவேண்டும். அன்றைய உழைப்பு போய்விடும். பஸ் செலவும் சேரும். இவற்றினும் கொடியது, பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தின் வாயிலில் அறிந்தவர் எவரேனும் கண்டுவிடுவரோ என்ற நடுக்கம். தொற்று நேர்ந்திருக்கலாம் என்று அஞ்சுபவன் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொண்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆனால் வெள்ளி இரவில் நேர்ந்ததற்குத் திங்கட்கிழமை வரை கதவு திறவாதெனின், அந்த 72 மணி நேரம் யாருக்காகக் காத்து நிற்கும்?

அந்நடுக்கம் வீண் அச்சம் என்று எள்ளுவோர் 2016இல் குளியாப்பிட்டியில் நிகழ்ந்ததை எண்ணிப்பார்க்கட்டும். தந்தை எயிட்சால் மாண்டார் என்ற வதந்தி ஒன்றே காரணமாக, தொற்றேயில்லாத ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பள்ளிக்கூடம் சேர்க்கவிடாது பெற்றோர் கூட்டம் தடுத்தது. ஆசிரியராகிய நாம் நாணித் தலைகுனிய வேண்டிய நிகழ்ச்சி அது. குழந்தைக்கே இந்நிலையெனின் கூலியாளுக்கு என்ன நிலை?

இதற்கு வழி அருகிலேயே இருக்கின்றது. தெல்லிப்பழையிலும் சுன்னாகத்திலும் சந்திக்குச் சந்தி மருந்துக்கடை உண்டு. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் செல்லும் கடைக்குள் நுழைபவனை எவரும் ஐயுறார். உமிழ்நீராலோ விரல்நுனிக் குருதியாலோ தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. பிரான்சின் மருந்தகங்களில் 2015 முதல் அக்கருவி கிடைக்கின்றது. கலிபோர்னியாவில் 2019இல் நிறைவேறிய சட்டம், வைத்தியரின் சீட்டின்றியே தடுப்பு மருந்தை வழங்கும் உரிமையை மருந்தாளருக்கு அளித்தது. தென்னாபிரிக்காவில் மருந்தாளருக்கு இவ்வுரிமை கூடாதென வைத்தியர் அமைப்பொன்று வழக்காடியது. 2023இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளியது.

நம்மிடையேயும் எதிர்ப்பு எழும். மருந்துக்கடை வாணிபம், நோயை முதலாளியின் கல்லாப்பெட்டியிடம் ஒப்படைப்பதா என்று முற்போக்காளரே வினவுவர். நியாயமான வினாவே. ஆதலின் கருவி விற்பனைப் பண்டமாதல் கூடாது. அரசே அதனை விலையின்றி வழங்கி, மருந்தாளரின் உழைப்புக்கு ஊதியமும் தரவேண்டும். பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய நெறியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் எழுந்தது எதற்காக? மருந்து இலாபத்துக்கன்று, மக்களுக்கே என்பதை நிலைநாட்டவன்றோ? அக்கூட்டுத்தாபனத்தின் 'ஒசுசல' கடைகளே இப்பணியில் முன்னிற்கட்டும்.

மருந்தாளருக்கு இதற்கான பயிற்சி ஏது என்பர் வேறு சிலர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே மருந்தாளருக்குப் பட்டப்படிப்பு நடைபெறுகின்றது. அவ்வாறு கற்றோரை அட்டையில் மாத்திரை எண்ணித்தருவோராக நிறுத்திவைப்பது அறிவை வீணடிப்பதாகும். ஆனால் ஒன்றை அழுத்திக் கூறுவோம்: சான்றிதழ் சுவரில் தொங்க, மருந்தாளர் வேறிடத்தில் இருக்கும் கடைக்கு இவ்வுரிமை தரலாகாது. மறைவாகப் பேச ஓர் அறை வேண்டும். கேட்டதை வெளியிடாத கட்டுப்பாடும் வேண்டும். கருவி தொற்றைக் காட்டின் அதுவே முடிவாகாது. ஆய்வுகூடச் சோதனையால் உறுதிசெய்தல் வேண்டும். தொற்று நேர்ந்த உடனே அது காட்டாது; மூன்று மாதம் வரை தாழ்க்கலாம். இவற்றை எடுத்துச்சொல்லி, வைத்தியசாலைக்கு வழிப்படுத்துவதே மருந்தாளரின் கடன். வைத்தியரின் இடத்தை அவர் பறிக்கவில்லை. வைத்தியரிடம் வாராதோரை அவரிடம் சேர்க்கின்றார்.

இறுதியாக வருவது பண்பாட்டுக் கூக்குரல். ஆணுறையையும் சோதனைக் கருவியையும் கடையில் வைத்தால் ஒழுக்கம் கெடுமாம்! தீயணைக்கும் நீரைக் கண்டு தீ பரவுமென்று அஞ்சுவார் உளரோ? 'தூய்மை' என்னும் பெயரால் மனிதரை வாயிலில் நிறுத்தும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957இல் வந்தது. ஆயினும் 1968இல் கீரிமலைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவுக்காகப் போராடவேண்டியிருந்தது. சட்டம் மட்டும் கதவைத் திறப்பதில்லை என்பதே அது கற்பித்த பாடம்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! மருந்தாளருக்கு இவ்வுரிமையைச் சட்டத்தால் பெற்றுத்தருமாறு அரசை வற்புறுத்துவோம். அதனோடு, மருந்தை ஒழுங்காக உட்கொண்டு குருதியில் கிருமி அளவிடமுடியாத நிலைக்குத் தாழ்ந்தவரிடமிருந்து பாலுறவால் தொற்று பரவாது என்ற அறிவியல் உண்மையை வகுப்பறையில் அஞ்சாது கற்பிப்போம். அரசு திறக்கவேண்டிய கதவு ஒன்று; நம் மனத்தில் நாமே திறக்கவேண்டிய கதவு மற்றொன்று. இரண்டும் திறந்தாலன்றி நோயாளிக்குப் படிக்கட்டு இல்லை.