பழைய சங்கிலி வாள் இயங்கினால் மட்டும் போதுமா?

இடம்பெயர்ந்த விவசாயி தன் காணிக்குத் திரும்பும்போது முதலில் காண்பது தோட்டத்தையல்ல, பற்றையைத்தான். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களின் காணிகளிற் பல, இருபது வருடங்களுக்கு மேலாக ஆளரவமின்றிக் கிடந்து, பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. கூரை இருந்த இடத்தில் வேம்பு நின்றது. கிணற்றுக் கட்டைப் பிளந்துகொண்டு ஆல் நின்றது. வன்னியில் 2009 இன் பின் மீளக் குடியமர்ந்தோரும் இதே கதையைச் சொல்வர். கோடரியும் கத்தியும் கொண்டு இவ்வளவையும் வெட்டி முடிப்பதற்குள் ஒரு போகம் போய்விடும். கூலிக்கு ஆள் பிடிக்கவோ கையிற் பணம் இல்லை. ஆதலால் சங்கிலி வாளின்மீது எம்மவர்க்கு விருப்பம் ஏற்பட்டதில் வியப்பில்லை. புதியது வாங்க முடியாதவர்கள் கைமாறிய பழையதைத் தேடுகிறார்கள். சேமிப்புக் குழுக்கள் சிலவும் இதுபற்றி எம்மிடம் கேட்டிருப்பதால் எமது கருத்தை இங்கு வெளிப்படையாகக் கூற விரும்புகிறோம்.

பழையவற்றுள் பாரம் குறைந்த ஒரு சிறிய வகை உண்டு. மற்ற வாள்களிற் பின்புறத்தில் இருக்கும் பிடி இதில் இயந்திரத்தின் மேலேயே இருக்கும். பெண்பிள்ளைகளும் தூக்கலாம் என்று சொல்லி விற்கிறார்கள். இந்த வாள் மரத்தில் ஏறிக் கயிற்றாலும் பட்டியாலும் தம்மைக் கட்டிக்கொண்டு கிளை தறிக்கும் பயிற்சி பெற்றோருக்கென ஆக்கப்பட்டது. நிலத்தில் நின்று பற்றை வெட்டுவதற்கு உரியதன்று. பிடி மேலே இருப்பதால் ஒரு கையால் பிடித்து வெட்டும் ஆசை எவருக்கும் வரும். வாள்தகட்டின் நுனியின் மேற்பாதி ஒரு கட்டையில் தட்டிவிட்டால், வாள் முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழுந்து முகத்தை நோக்கித் திரும்பும். இரண்டு கைகளாலும் பிடித்திருப்பவருக்கே அதை அடக்குவது கடினம். எனவே காணி துப்புரவாக்கும் குழு வாங்குவதானால் பின்பிடி வாளையே வாங்க வேண்டும் என்பது எமது கருத்து. சிறியது மலிவு என்பது ஒரு நியாயமாகாது.

எனினும் வாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள். அதை எறிந்துவிடச் சொல்ல எமக்கு மனம் இல்லை. ஒழுங்கு முறைப்படி பார்த்தால் இவற்றிற் பலவற்றைக் குறைந்த செலவில் திருத்தலாம். திருத்துவோர் பெரும்பாலும் ஒழுங்கைத்தான் தவறவிடுகிறார்கள். ஸ்ரார்ட் வரவில்லை என்றதும் காபரேற்றரைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு.

முதலில் இயந்திரத்தின் நெஞ்சைப் பார்க்க வேண்டும். சுவிச்சை நிறுத்தத்தில் வைத்து, இழுவைக் கயிற்றின் பிடியில் வாளைத் தொங்கவிடுங்கள். படிப்படியாக விக்கி விக்கி இறங்கினால் அமுக்கம் இருக்கிறது என்று கொள்ளலாம். தடையின்றிச் சரேலென இறங்கினால் அமுக்கம் போய்விட்டது. பின்னர் சைலன்சரைக் கழற்றி அந்தத் துவாரத்தினூடாகப் பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. நெடுக்காகக் கீறல் விழுந்திருந்தால், முன்னையவர் ஒயில் கலக்காத பெற்றோலில் ஓட்டியிருக்கக்கூடும், அல்லது எங்கோ காற்று உட்புகுந்திருக்கும். அத்தகைய வாளை வாங்குவதற்கு முன்னரானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சைலன்சரின் வாயில் உள்ள சிறிய கம்பி வலை கரியால் அடைபட்டிருப்பதும் உண்டு. வேகம் எடுக்காத வாள்கள் சில அந்த வலையைத் துப்புரவாக்கியதும் சரியாகிவிடுகின்றன.

அடுத்து மின்பொறி. பிளக்கின் இடைவெளி 0.5 மில்லிமீற்றர். பொறி வருகிறதா என்று பார்க்கும்போது பிளக்கைத் துவாரத்துக்குத் தூரமாகப் பிடியுங்கள். உள்ளிருந்து வரும் பெற்றோல் ஆவி தீப்பற்றும். பிளக் நனைந்திருந்தால் பெற்றோல் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. காய்ந்தே இருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை.

வந்து சேராமைக்குக் காரணம் பெரும்பாலும் தாங்கிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்தான். பல வருடம் கிடந்தபின் அது வெடித்துவிடும். வெடிப்பு வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். எம்மிடம் வந்த ஒரு வாளுக்கு முன்னையவர் இரண்டு காபரேற்றர் மாற்றியிருந்தார். பிழை இருந்தது ஒரு சாண் குழாயில். குழாயின் நுனியில் உள்ள வடியையும் மாற்றுங்கள். சிறிது நேரம் ஓடி நின்றுபோகும் வாளில் தாங்கியின் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். மறுபடி ஓடினால் தாங்கிக்குக் காற்றுப் போகும் வழி அடைபட்டிருக்கிறது.

இவையெல்லாம் சரியென்ற பின்னரே காபரேற்றர். இதனுள் மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல மிதவை கிடையாது. மெல்லிய சவ்வொன்று ஏறியிறங்கிப் பெற்றோலை அளந்து விடுகிறது. வாளைச் சரித்தாலும் கவிழ்த்தாலும் இயங்குவது அதனால்தான். பழைய பெற்றோல் பட்டுப் பட்டு அந்தச் சவ்வு விறைத்துவிடும். சவ்வு, ஊசி, சல்லடை எல்லாம் அடங்கிய திருத்தற் பொதி தனியாகக் கிடைக்கும். சிறு துவாரங்களைக் கம்பியாற் குத்தாதீர்கள். ஊதித் துப்புரவாக்குவது போதும்.

பெற்றோலைப் பற்றி ஒரு வார்த்தை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் நீரிறைக்கும் இயந்திரமும் ஓட்டியவர்கள் நாம். அந்தக் கெட்டித்தனத்தை இதில் காட்டக் கூடாது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் இயந்திரம் இது. பெற்றோலோடு கலந்து வரும் ஒயில்தான் பிஸ்டனுக்கு ஒரே காப்பு. இக்கால வாள்கள் பலவற்றுக்கு ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் இரு அடிப்பு ஒயில் போதும். சிலவற்றுக்கு 25 வேண்டும். மூடியிலோ கையேட்டிலோ உள்ள அளவைப் பின்பற்றி, மருந்துக் குவளையால் அளந்து விடுங்கள். கண் மதிப்பு வேண்டாம்.

இவ்வளவும் செய்து வாள் இரைந்ததும் வேலை முடிந்துவிட்டதென எல்லோரும் மகிழ்கிறார்கள். இங்கேதான் எமக்கு ஆட்சேபம். இயங்கும் வாளை நாம் திருத்திய வாளாகக் கொள்வதில்லை. நிற்கும் வாளையே அவ்வாறு கொள்கிறோம். மெதுவாக ஓடும்போது சங்கிலி அசையக் கூடாது. அசைந்தால் வேகத் திருகாணியைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிளச்சின் சுருள்வில் தளர்ந்திருக்கும், அல்லது எங்கோ காற்று உட்புகுகிறது. முன்புறக் கைக்காப்பு வெறும் மறைப்பு அல்ல. அதை முன்னே தள்ளினால் உள்ளேயுள்ள உருக்குப் பட்டி கிளச்சுப் பேணியை இறுக்கிச் சங்கிலியை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். முதலில் இயந்திரத்தை நிறுத்திவைத்து, கையுறையோடு சங்கிலியை இழுத்துப் பாருங்கள். பிறேக் போட்டபின் அது நகரக் கூடாது. பின்னர் ஓடவிட்டு, இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்தபடி, இடக்கை மணிக்கட்டால் காப்பைத் தள்ளிச் சோதியுங்கள்.

பழைய வாள்களில் பலர் கழற்றி எறிந்திருப்பது இந்தப் பகுதியைத்தான். இடைஞ்சல் என்று சொல்கிறார்கள். உடைந்த காப்புடன் விற்பவர் விலையைக் குறைக்க முன்வந்தால், அந்தக் குறைந்த விலையில் உங்கள் முகமும் சேர்ந்திருக்கிறது. சில நல்லெண்ண நிறுவனங்கள்கூட இத்தகைய வாள்களைப் படம் எடுத்துப் பங்கிட்டுவிட்டுப் போயிருக்கின்றன. பாவிக்கும் முறையை ஒரு நாள் கூடக் கற்றுக் கொடுக்கவில்லை. இதனையிட்டு வருந்துகிறோம்.

சங்கிலியின் பல்லை அரத்தால் தீட்டுவது கடினமன்று. சிறிய வாள்களின் சங்கிலி பலவற்றுக்கு 4 மில்லிமீற்றர் உருண்டை அரம் பொருந்தும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுவை கொடுத்தாற் போதும். ஆனால் எமது பிரதேச மரங்களில் வேறொரு தொல்லை உண்டு. செல் சிதறலும் சன்னமும் மரத்துக்குள் ஏறி, மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும். வாள் அதில் பட்டால் பல் போகும். சங்கிலியும் அறுந்து தெறிக்கலாம். பட்டையில் பழைய வடு உள்ள இடத்தை விட்டு மேலேயோ கீழேயோ தறியுங்கள். வெடிபொருள் அகற்றியதாக உறுதிப்படுத்தப்படாத காணியில் வாள் அல்ல, மண்வெட்டியும் வைக்கக் கூடாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பது 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. பிரதேச செயலகத்தில் அனுமதி பெறாமல் தொடாதீர்கள். வாளுக்குப் பதிவுப் பத்திரம் உண்டா என்றும் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் திருத்திய மேற்பிடி வாள் இப்போது ஓர் இழுவையில் ஸ்ரார்ட் ஆகிறது. அதன் பிறேக் பட்டி தேய்ந்து மெலிந்திருக்கிறது. புதிய பட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இரவல் கேட்டு மூன்று குடும்பத்தார் வந்துவிட்டார்கள். மழைக்கு முன் காணியைத் துப்புரவாக்க வேண்டும் என்ற அவர்களின் அவசரம் எமக்கு விளங்குகிறது. பட்டி வரும்வரை வாள் அலுமாரியில் பூட்டியே இருக்கும்.