மணிக்கட்டு யாருடையது?

அவள் எழுந்து போகிறாள். அவன் பின்னாலேயே வந்து மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான். கேமரா அந்தக் கையை நெருக்கத்தில் காட்டுகிறது, பின்னணியில் பாட்டு ஏறுகிறது. நாலைந்து கொரியத் தொடர் பார்த்தவர்களுக்கே இந்தக் காட்சி மனப்பாடம். இழுப்பவன் கதாநாயகன் என்றால் நமக்கு அது காதல். அதே மணிக்கட்டை முன்னாள் காதலன் பிடித்தால் 'விடுடா அவளை' என்கிறோம். இரண்டு காட்சியிலும் அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மாறியது பிடித்தவனின் தகுதி மட்டும்.

அந்தத் தகுதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம் கேள்வி. சாதியை எதிர்க்கும் நாம் 'தகுதி' என்ற சொல்லைக் கேட்டாலே விழித்துக்கொள்ள வேண்டியவர்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நள்ளிரவில் தொடர் பார்க்கும்போது மட்டும் ஏன் அந்த விழிப்பைக் கழற்றி வைக்கிறோம்?

ஆசியத் தொலைக்காட்சியில் அதிகம் மறு ஆக்கம் செய்யப்பட்ட காதல் கதைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். யோகோ காமியோ எழுதிய 'ஹனா யோரி தாங்கோ' என்ற ஜப்பானிய மாங்கா, 2001இல் தைவானில் 'மீட்டியோர் கார்டன்' ஆனது. 2005இல் ஜப்பானிலும், 2009இல் கொரியாவில் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' என்ற பெயரிலும், 2018இல் சீனாவிலும், 2021இல் தாய்லாந்திலும் தொடராக வந்தது. தலைமுறை மாறினாலும் சந்தை சலிக்காத கதை.

கொரிய வடிவத்தில் கதாநாயகி ஜான்டி, சலவைக்கடைக்காரரின் மகள். கதாநாயகன் ஜுன்பியோ, பெருநிறுவனக் குடும்பத்தின் வாரிசு. அவன் யாருக்குச் சிவப்பு அட்டை வைக்கிறானோ அவரைப் பள்ளிக்கூடமே சேர்ந்து அடிக்கும். மாடியிலிருந்து குதிக்க நின்ற ஒரு மாணவனைக் காப்பாற்றித்தான் ஜான்டி அந்தப் பள்ளிக்குள்ளேயே வருகிறாள். அவளுக்கும் சிவப்பு அட்டை வருகிறது. பிறகு அவளை ஆள் வைத்துத் தூக்கிவரச் செய்து, விலை உயர்ந்த உடையும் ஒப்பனையும் போட்டுவிட்டு, தன் அன்பைத் தெரிவிக்கிறான். நாம் சிரிக்கிறோம். 'பாவம், அவனுக்குக் காட்டத் தெரியலை' என்கிறோம்.

இப்போது கதையைத் திருப்பிப் போடுங்கள். சலவைக்கடைக்காரரின் மகன், பெருமுதலாளியின் மகளை ஆள் வைத்துத் தூக்கிவருகிறான். அந்தத் தொடர் இரண்டாவது எபிசோடைத் தாண்டுமா? காவல் நிலையத்தில் முடிந்திருக்கும். செயல் ஒன்றுதான். செய்தவன் மாளிகைக்காரன் என்றால் அதற்குப் பெயர் காதல், குடிசைக்காரன் என்றால் குற்றம். பிறகு அவனுடைய அம்மா பணத்தோடு வந்து ஜான்டியின் குடும்பத்தை விலகிப்போகச் சொல்கிறார். அம்மா வில்லி, மகன் நாயகன் என்று தொடர் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் இருவரின் நம்பிக்கையும் ஒன்றே: ஏழைகளை வாங்கலாம். அம்மா போகச் சொல்லிக் காசு தருகிறார், மகன் இருக்கச் சொல்லிச் செலவு செய்கிறான்.

தாய்லாந்தில் இந்த நோய்க்குத் தனிப் பெயரே உண்டு. 'அறைந்து முத்தமிடும்' நாடகங்கள் என்று ஒரு வகையே அங்கே பல பத்தாண்டுகளாக ஓடியது. 2008இல் வந்த 'சவான் பியாங்' அதில் பெரும் புகழ்பெற்றது. தன் அப்பாவின் புது மனைவி மீதுள்ள வெறுப்பில், அவளுடைய தங்கையை நாயகன் வன்புணர்கிறான். பிறகு மனம் வருந்துகிறான், காதலிக்கிறான், கதை சேர்த்து வைக்கிறது. ஒரு பெண்ணின் உடலில் தீர்த்துக்கொண்ட பகைக்கு அதே பெண்ணே மருந்தாகவும் ஆக வேண்டுமாம். நம்மூரில் வன்புணர்ந்தவனுக்கே கட்டிவைத்த பஞ்சாயத்துத் தீர்ப்புகளைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது அயல்நாட்டுக் கதையாகத் தெரியாது.

'கற்பனைதானே, இதற்கு இவ்வளவு கோபமா?' என்று கேட்பார்கள். கொரிய மொழியில் ஒரு பழமொழி உண்டு: பத்து முறை வெட்டினால் விழாத மரமில்லை. விடாமல் துரத்தும் காதலனை உற்சாகப்படுத்த அங்கே இதைத்தான் சொல்வார்கள். நம்மிடமும் 'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்று தயாராக இருக்கிறது. மரத்துக்கும் அம்மிக்கும் வாய் கிடையாது, வேண்டாம் என்று சொல்லாது. பெண்ணுக்கு வாய் உண்டு.

கொரியாவில் பின்தொடர்தலுக்கு எதிரான தனிச் சட்டம் 2021 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அது சிறு குற்றம், அதிகபட்சம் 1 லட்சம் வொன் அபராதம். குப்பை போட்டதற்குக் கட்டுவது போலக் கட்டிவிட்டுப் போகலாம். சட்டம் வந்த மறு ஆண்டு, 2022 செப்டம்பரில், சோல் நகரின் சிந்தாங் மெட்ரோ நிலையத்தில் பணியிலிருந்த ஓர் இளம் ஊழியரை அவருடன் வேலை பார்த்தவனே குத்திக் கொன்றான். அவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த வழக்கில் அவனுக்குத் தீர்ப்பு வர ஒரு நாள்தான் இருந்தது. தொடர்கள்தான் அந்தக் கொலையைச் செய்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் சட்டமும் பழமொழியும் திரையும் சேர்ந்து 'துரத்துவது பெரிய தப்பில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, துரத்தப்பட்டவளின் பயத்தை யாருக்குமே கேட்கவில்லை.

இவ்வளவும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கலாச்சாரக் காவலர்களுக்கு எது ஆபத்தாகத் தெரிந்தது என்று பாருங்கள். 2010இல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியின் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' குடும்பத் தொடரில் இரண்டு ஆண்கள் காதலித்தார்கள். 'இதைப் பார்த்து எங்கள் பிள்ளை தன்பாலீர்ப்பாளனாகி எய்ட்ஸில் செத்தால் தொலைக்காட்சிதான் பொறுப்பு' என்கிற பொருளில் நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். 2015இல் ஒரு பள்ளிக்கூடத் தொடரில் இரண்டு மாணவிகள் முத்தமிட்டதற்கு ஒளிபரப்பு ஒழுங்கு ஆணையம் எச்சரிக்கை கொடுத்தது. 2016இல் சீனாவில் 'அடிக்டெட்' என்ற இணையத் தொடர், இரு ஆண்களின் காதலைச் சொன்னதால், முடியும் முன்பே தளங்களிலிருந்து தூக்கப்பட்டது. 2021இல் சீன ஒளிபரப்புத் துறை, 'பெண்தன்மை' கொண்ட ஆண்களைத் திரையில் காட்டாதே என்று உத்தரவே போட்டது.

அறையலாம், இழுத்துப் போகலாம், சுவரோடு சாய்த்து முத்தமிடலாம். இரண்டு பேர் விருப்பத்தோடு ஒருவரையொருவர் தொடுவதுதான் குற்றம். அவர்கள் அஞ்சுவது வன்முறைக்கு அல்ல, அனுமதி வாங்காத அன்புக்கு.

இப்படிப்பட்ட இடத்தில் பால்புதுமையர் பாத்திரங்கள் உள்ளே வர வேண்டுமானால் ஏதாவது ஒரு வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. 2007இல் வந்த 'காஃபி பிரின்ஸ்' தொடரில், ஆண் என்று நம்பிய ஒருவர் மீது நாயகனுக்குக் காதல் வருகிறது. யாராக இருந்தாலும் பரவாயில்லை என்ற எல்லை வரைக்கும் அவன் போகிறான். ஆனால் அவள் பெண் என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும். ரசிகர்கள் பயமில்லாமல் புரட்சியை ரசிக்க இப்படி ஒரு காப்பீடு.

2024 நவம்பரில் தொடங்கிய 'தி டேல் ஆஃப் லேடி ஓக்' இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. ஜோசன் காலத்து அடிமைப் பெண் ஒருத்தி தப்பி ஓடி, இறந்துபோன உயர்குடிப் பெண்ணின் பெயரில் வாழ்கிறாள். கொரியாவில் அடிமைத்தனம் பிறப்பால் வந்தது. 1894இல்தான் அந்தப் பிறப்புவழிப் படிநிலையைச் சட்டப்படி ஒழித்தார்கள். அவளை மணப்பவன் ஆண்களை விரும்புபவன். அவனைப் போன்றவர்களுக்கு அடைக்கலம் தரும் ரகசியக் குழுவையும் நடத்துகிறான். பிறப்பு விதித்த சட்டத்தை மறைந்திருந்து மீறும் இருவர் ஒருவரையொருவர் காப்பாற்றுகிறார்கள். அடிமைத்தனத்தையும் பாலினக் கட்டுப்பாட்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பேசிய அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பிறகு என்ன நடக்கிறது? அந்தக் கணவன் ஊரைவிட்டு அனுப்பப்படுகிறான். அவனைப் போலவே முகமுள்ள, நாயகியைக் காதலிக்கும் ஒருவன் வந்து அவன் இடத்தில் உட்காருகிறான். இரண்டு வேடமும் ஒரே நடிகருக்கு. பால்புதுமையர் வீட்டைக் கட்டித் தருவார்கள், குடிபுகுவது வேறொருவர்.

சரி, தாய்லாந்தின் பி.எல் தொடர்களில் ஆண்களின் காதலே மையம் ஆயிற்றே? அங்கே கதை சரியாகிவிட்டதா? 2019இல் வந்த 'தான் டைப்' தொடரில், குடித்துத் தூங்கும் அறைத் தோழனின் உடலில் அவனுக்குத் தெரியாமல் கைவைப்பவன்தான் நாயகன். தூங்குகிறவனோ சிறு வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவன். இதுவும் காதலின் தொடக்கமாகிறது. 'எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்' என்கிற தொனி இந்த வகைத் தொடர்களில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. தன்பாலீர்ப்பைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லக் கூசுகிற தந்திரம் இது. பால்புதுமையர் கதை என்பதாலேயே இதை விமர்சிக்கக் கூடாது என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அறைந்து முத்தமிடும் அந்தப் பழைய நாடகத்தில் பெண்ணை எடுத்துவிட்டு இன்னோர் ஆணை வைத்தால் ஆணாதிக்கம் செத்துவிடாது. பால்புதுமையருக்கும் வன்முறையில்லாத காதல் வேண்டும் என்பதுதான் உண்மையான ஆதரவு.

திரையில் ரசிப்பதும் தெருவில் ஏற்பதும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதற்கு 2020ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஜனவரி இறுதியில் 'இதேவோன் கிளாஸ்' ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதில் மா ஹியோன்யீ என்ற திருநங்கை சமையல்காரர் வருகிறார். அவரை ஊர் அறியக் காட்டிக்கொடுத்தபோது, தன்னை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று முதலாளி தேற்றுகிறார். உலகமே அழுதது. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் திருநர் அல்லாத ஒரு நடிகை. தொடர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான் பியோன் ஹிசூ என்ற ராணுவ வீரரை, பாலின உறுதிப்பாட்டு அறுவை செய்துகொண்டதற்காகக் கொரிய ராணுவம் வெளியேற்றியது. 2021 மார்ச்சில் அவர் வீட்டில் இறந்து கிடந்தார். வெளியேற்றியது சட்டவிரோதம் என்று அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது. கேட்க அவர் இல்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு? ஏனென்றால் செய்தவனின் தகுதியை வைத்துச் செயலுக்குப் பெயர் சூட்டும் வேலை நம் மண்ணில் சாதியின் அன்றாடத் தொழில். சம்மதமே இல்லாமல் துரத்தி, மறுத்தவளை வெட்டினால் நம் நாளிதழ்கள் அதற்கு 'ஒருதலைக் காதல்' என்று தலைப்பு வைக்கின்றன. இருவரும் மனமொத்துக் காதலித்தாலும் அவன் தலித் இளைஞன் என்றால் ஆதிக்கச் சாதிக் கட்சிகள் அதை 'நாடகக் காதல்' என்கின்றன. கொலைக்குக் காதல் என்று பெயர், காதலுக்கு நாடகம் என்று பெயர். அகமணம்தான் சாதியைக் காக்கும் மதில் என்று அம்பேத்கர் 1916லேயே எழுதிவிட்டார். அந்த மதிலின் காவல்காரன் எப்போதும் 'அவன் யார் வீட்டுப் பிள்ளை' என்றுதான் கேட்பான். 'அவளுக்குச் சம்மதமா' என்று ஒருநாளும் கேட்கமாட்டான். ஆகவே நச்சு உறவைப் பற்றி நாம் பேசும்போது ஒன்றில் கவனமாக இருப்போம். நம் விமர்சனத்தை எடுத்துப்போய் காதல் திருமணங்களுக்கு எதிராக யாரும் சுழற்றிவிடக் கூடாது. சாதிவெறியர் கேட்பது குலம். நாம் கேட்பது சம்மதம்.

அதேபோல, கொரியத் தொடர் பார்க்கும் பெண்களைக் கேலி செய்கிற தோழர்களுக்கும் ஒரு சொல். கோடாலியைக் காதல் சின்னமாக்கிய சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்கள், அழத் தெரிந்த, சமைக்கத் தெரிந்த, மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஓர் ஆணைத் திரையில் தேடிப் போவதில் கேலிக்கு என்ன இருக்கிறது? அந்தத் தேடல் நியாயமானது. 'நம்ம ஊர் ஹீரோவுக்கு இவன் பரவாயில்லை' என்ற இடத்தில் அது நின்றுவிடுவதுதான் சிக்கல். பரவாயில்லை என்பது ஒரு அளவுகோலா?

தடை வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. தடைக் கத்தரி யார் கையில் இருந்தாலும் அது முதலில் வெட்டுவது இரண்டு மாணவிகளின் முத்தத்தைத்தான் என்று மேலே பார்த்தோம். வேண்டியது பார்ப்பவரின் கண்ணில் ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்குத் தேர்ச்சி பெறும் கதைகளும் அதே ஆசியாவில் வருகின்றன. 2019இல் ஜப்பானில் ஒளிபரப்பான 'நேற்று என்ன சாப்பிட்டாய்' தொடரில் ஒரு வழக்கறிஞரும் ஒரு சிகை அலங்காரக் கலைஞரும் சேர்ந்து வாழ்கிறார்கள். ஒருவர் தன் காதலை ஊரறியச் சொல்ல விரும்புகிறவர், இன்னொருவர் பயப்படுகிறவர். அதனால் சண்டை வரும். பிறகு காய்கறி விலை பார்த்து வாங்கி, சமைத்து, உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு போவதில்லை. அப்படியும் கதை சுவையாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை நாம் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. புரோகிதரையும் தாரை வார்த்துக் கொடுப்பதையும் தூக்கி எறிந்து, திருமணம் என்பது இரண்டு பேரின் வாழ்க்கைத் துணை ஒப்பந்தம் என்றார் பெரியார். 1967இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. ஒப்பந்தம் என்றால் இருவரும் சமம், இருவரும் பேசலாம், ஒருவர் மறுக்கலாம். ஆணும் பெண்ணும் என்ற வரியை மட்டும் இன்னும் விரித்து எழுதினால் போதும். 2019இல் தைவான் எழுதிவிட்டது, 2025 ஜனவரியில் தாய்லாந்தும் எழுதிவிட்டது.

அடுத்த முறை திரையில் அந்தக் கை நீளும்போது, பிடித்தவன் யார், எவ்வளவு அழகன், எந்த மாளிகைக்காரன் என்று பார்க்காதீர்கள். பிடிபட்டவரைப் பாருங்கள். அந்த மணிக்கட்டு அவருடையது.