கன்டெய்னர் பெட்டியில் காபி, மிளகைச் சேமிக்கலாமா?

“உறவினர்கள் நான்கு குடும்பமாகச் சேர்ந்து, 12 ஏக்கரில் காபியும் ஊடுபயிராக மிளகும் சாகுபடி செய்கிறோம். வைக்க இடமில்லாததால், காய்ந்தும் காயாததுமாகக் களத்திலேயே விற்றுவிடுகிறோம். பழைய கப்பல் கன்டெய்னரை வாங்கித் தோட்டத்தில் வைத்துச் சேமிக்கலாமா?”

- வாசகர், ஏற்காடு, சேலம் மாவட்டம்.

சேமிக்கலாம். திருட்டு, எலி, மழை மூன்றையும் தடுக்கும் பெட்டி அது. ஆனால், வெளியே பெய்யும் மழையை உள்ளே விடாத அந்தப் பெட்டி, உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால், களத்தில் விற்றுக் கிடைத்த விலைகூடக் கிடைக்காமல் போகும்.

பகல் வெயிலில் இரும்புத் தகடு சூடேறும்போது, மூட்டையில் உள்ள ஈரம் ஆவியாகும். இரவுக் குளிரில் கூரை சில்லிட்டதும், அந்த ஆவி உட்புறத்தில் துளிகளாகப் படிந்து மூட்டை மீதே சொட்டும். கப்பல் தொழிலில் இதை ‘கன்டெய்னர் மழை’ என்பார்கள். 20 அடி பெட்டியின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அதிலுள்ள காற்று குளிர்ந்தால் ஒரு டம்ளர் தண்ணீர்தான் தேறும். ஆனால், 10% ஈரப்பதத்தில் இருக்க வேண்டிய காபியை 13 சதவிகிதத்திலேயே மூட்டை பிடித்தால், 4 டன்னில் 130 லிட்டருக்கு மேல் கூடுதல் தண்ணீர் இருக்கும். பூஞ்சணம் பிடிக்க அதில் ஒரு பகுதி போதும்.

எனவே, பெட்டிக்கு முன்னால் வாங்க வேண்டியது ஈரப்பதமானி. அராபிகா பார்ச்மென்ட் 10%, அராபிகா செர்ரி 10.5%, ரொபஸ்டா செர்ரி 11%, மிளகு 10 முதல் 11% ஈரப்பதத்துக்கு வந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். நான்கு வீட்டுச் சரக்கையும் தனித்தனியாகச் சோதிப்பது அவசியம். ஒரு வீட்டு மூட்டை ஈரமாக இருந்தாலும் மற்ற மூன்று வீட்டுச் சரக்கும் கெடும்.

பழைய பெட்டியை வாங்கும்போது, ஒருவர் வெளியே நிற்க, மற்றொருவர் பகலில் உள்ளே சென்று கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அது ஓட்டை. ரசாயன வாடை வீசும் பெட்டி வேண்டாம்; காபி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். தரைப் பலகையில் பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். அதனால், மூட்டைகளைத் தரையில் அடுக்காமல், அரை அடி உயரக் கட்டைகள் மீது, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்க வேண்டும்.

40 அடி பெட்டியை 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் கொண்டுவர நினைக்க வேண்டாம். 20 அடி பெட்டியே வெறுமனே 2 டன்னுக்கு மேல் எடை இருக்கும். இறக்குவதற்கு கிரேன் வந்து நிற்க இடமிருக்கிறதா, வழியில் மின்கம்பியும் சில்வர் ஓக் கிளையும் தட்டுமா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

பெட்டியின் எடை முழுவதையும் நான்கு மூலைகளே தாங்கும். ஒன்றரை அடி உயரத்தில் நான்கு கான்கிரீட் தூண்கள் போட்டு, மட்டம் பார்த்து வைக்க வேண்டும். மட்டம் தவறினால் கதவு திறக்காது. மேட்டுப்பக்கம் வடிகால் வெட்டிவிட வேண்டும். பெட்டிக்கு மேல் ஓர் அடி இடைவெளி விட்டுத் தகரக் கூரை போட்டால், பகல் சூடும் இரவுக் குளிரும் நேரடியாகத் தாக்காது. எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, வலையடித்த, மூடித் திறக்கும் ஜன்னல்கள் தேவை. வெயில் காயும் நாளில் திறந்து, பனிமூட்டமான நாளில் மூடிவிட வேண்டும். இடி, மின்னலுக்கு எர்த் கம்பி அவசியம்.

உரம், பூச்சிமருந்து, டீசலை இதே பெட்டியில் வைக்கக் கூடாது. கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்பதால், குழந்தைகள் உள்ளே இல்லை என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும்.

ஏற்காடு மலைக் கிராமங்களில் ‘ஹாகா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகள் உண்டு. நிலத்தை வெட்டிச் சமன்படுத்துவதற்கும், தூண், கூரை போடுவதற்கும் அனுமதி தேவையா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது. 2020-ல் தொடங்கப்பட்ட வேளாண் உட்கட்டமைப்பு நிதியில், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை 3% வட்டிச் சலுகை உண்டு. பழைய பெட்டிக்கு அது பொருந்துமா என்று வங்கியிலும், கிடங்குக்கு மானியம் உண்டா என்று காபி வாரிய அலுவலகத்திலும் கேட்டுவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுக்கலாம்.

நான்கு குடும்பத்துக்கும் காயவைக்கப் போதிய களம் இல்லையென்றால், முதல் செலவு களத்துக்கே. சரியாகக் காய்ந்த காபிக்குத்தான் பெட்டி பாதுகாப்பு.